லக்சம்பர்க்கின் வீட்டுச் சிக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் லக்சம்பர்க், 2020 மார்ச்சில் பேருந்து, டிராம், ரயில் பயணத்தை (ரயிலின் முதல் வகுப்பு நீங்கலாக) நாடெங்கும் கட்டணமில்லாமல் ஆக்கியது பாராட்டத்தக்கது. ஆனால், அங்கே உழைப்பவர்களுக்குத் தாங்கக்கூடிய விலையில் வீடு கிடைப்பதில்லை என்பது அதைவிடப் பெரிய செய்தி. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை கடந்து அங்கு வேலைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடு கட்டத்தக்க நிலத்தின் பெரும்பகுதி தனியார் வசமே இருக்கிறது. சொத்து வரியோ 1941-ஆம் ஆண்டின் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டே பல்லாண்டுகளாக வசூலிக்கப்பட்டு வந்ததால், மனையைக் கட்டாமல் போட்டு வைத்திருப்பவருக்கு இழப்பு ஏதுமில்லை. விலை ஏற ஏற ஆதாயம்தான். கட்டப்படாத மனைகளுக்குத் தனி வரி விதிக்கும் மசோதா 2022-இல் முன்வைக்கப்பட்டது. அத்தகைய வரி உறைக்கும் அளவுக்கு இருந்தால்தான் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டுக் குடிமக்கள். அவர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வழங்கலாமா என்று 2015-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தோரில் நான்கில் மூவருக்கும் மேற்பட்டோர் மறுத்துவிட்டனர். வாடகைச் சுமையைத் தாங்கும் இத்தனை பேரின் குரல் சட்டம் இயற்றும் அவையை எட்டாதவரை, நில உரிமையாளர்களின் நலனைத் தொடும் சீர்திருத்தம் விரைவாக நிறைவேறும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்