ஓமாவுக்கும், கை குடுத்த உங்க எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

என்ர மனிசன் ஆஸ்பத்திரியால வீட்டுக்கு வந்திட்டார். கஞ்சி குடிக்கிறார், ரீவி ரிமோட்டுக்குப் பிள்ளையளோட சண்டை பிடிக்கிறார், அதிலயே நிலைமை என்னெண்டு உங்களுக்கு விளங்கும். மாசி மாசம் நடந்ததை நான் திருப்பி எழுதேல்லை, தெரியாத ஆக்கள் இஞ்ச ஒருத்தரும் இல்லை, எனக்கும் அதை இன்னொருக்கா நினைக்கிற தெம்பு இப்ப இல்லை. நன்றி சொல்லாமப் படுத்தா நித்திரை வராது எண்டதால வேலையால வந்து உடுப்பும் மாத்தாமக் குந்தி எழுதிறன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல எல்லாரையும் ஒண்டாச் சேர்த்துச் சொல்லிப்போடுறன். ஐசியூ நேர்ஸ்மார், என்ர ஷிஃப்டை மாறி மாறி எடுத்த பிலிப்பினோப் பிள்ளையள், கோயிலடியிலயிருந்து சோத்துப் பெட்டி கொண்டுவந்த அக்காமார், மைனஸ் முப்பதில எங்கட வாசல் ஸ்னோவைத் தள்ளிப்போட்டு பெல்லும் அடிக்காமப் போன பக்கத்து வீட்டுக்காரர், ரொறன்ரோவிலயிருந்து காசு அனுப்பின பள்ளிக்கூடச் சிநேகிதியள், சின்னவளைத் தங்கட பிள்ளையா வச்சுப் பாத்த மச்சாள் வீட்டுக்காரர், பெரிய தட்டில உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்டு அனுப்பின சேர்ச் பொம்பிளையள் (உறைப்பு துளியும் இல்லை, ஆனா பிள்ளையள் தட்டை வழிச்சுத் துடைச்சுப்போட்டுதுகள்), உங்க ஒவ்வொருத்தருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறம். ஆரையும் விட்டிருந்தா கோவிக்காதேங்கோ.

இப்ப ஓமாவைப் பற்றி. இந்தக் கடிதமே உண்மையா அவவுக்குத்தான்.

நான் வேலை செய்யிற முதியோர் இல்லம் வின்னிபெக்கில நோர்த் கில்டோனன் பக்கம். அங்க இருக்கிறவையில கனபேர் மெனோனைட் எண்ட கிறிஸ்தவப் பிரிவு ஆக்கள். மெனோனைட் எண்டோன்ன ஒன்ராறியோவில சென் ஜேக்கப்ஸ் மார்க்கெட்டுக்குப் போகேக்க காணுற குதிரை வண்டில்காரரைத்தான் எங்கட ஆக்கள் நினைக்கிறவை. அவை வேற வழியா வந்தவை, சுவிஸ் பக்கத்திலயிருந்து பென்சில்வேனியா போய் அங்கயிருந்து வந்த ஆக்கள். எங்கட இல்லத்துக் கிழடுகள் சாதாரணமா கார் ஓடி, வீடு வாங்கி, ஹொக்கி பாத்து வாழ்ந்த சனம். ஆனா அதுகளின்ர கதையைத் தோண்டினா ஊர் ஊரா ஓடின கதைதான் வரும். 16ஆம் நூற்றாண்டில ஒல்லாந்துப் பக்கம், குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கக்கூடாது, வளந்தாப் பிறகு தானா விரும்பி எடுக்கவேணும், ஆயுதம் தூக்கக்கூடாது, சத்தியம் பண்ணக்கூடாது எண்டு சொன்னதுக்காக எரிச்சும் தண்ணியில அமுக்கியும் சாகடிச்சவங்கள். மிஞ்சினது இப்ப போலந்தில இருக்கிற டான்சிக் பக்கம் ஓடிச்சு, அங்கயிருந்து 1789இல உக்ரைனில டினிப்பர் ஆத்தங்கரைக்குப் போச்சு. ஆமிக்கு வரத்தேவையில்லை எண்டு ஒரு ராசா வாக்குக் குடுப்பார், பேந்து வாற ராசா அதைப் பறிப்பார், இவை மூட்டை கட்டுவினம். 1870களில ஏழாயிரம் பேர் அளவில மனிற்றோபாவுக்கு வந்ததும் ரஷ்யாவில கட்டாய ஆமி வந்ததாலதான். ரஷ்யப் புரட்சி, உள்நாட்டுச் சண்டை, பஞ்சம் எல்லாம் முடிய 1920களில இன்னொரு இருபதாயிரம். கடைசியா ரெண்டாம் உலகச் சண்டைக்குப் பிறகு கொஞ்சம், அதில அரைவாசிக் குடும்பத்துக்கு மேல ஆம்பிளை இல்லாத குடும்பம் மாதிரித்தான். ஓமா அந்தக் கடைசிக் கூட்டம்.

ஓமா எண்டா அம்மம்மா. இல்லத்தில எல்லாரும் அவவை அப்பிடித்தான் கூப்பிடுறது. கட்டிலால எழுப்பி வீல்செயாரில இருத்த ரெண்டு பேர் வேணும், காதும் ஒரு பக்கம்தான். ஆனா கண் இருக்கே, எங்கட சுப்பர்வைசரை விடக் கூர்.

நான் வேலையிடத்தில ஒரு ரெசிடென்ருக்கும் வீட்டுப் பிரச்சினை சொன்னதில்லை, அது எங்கட வேலையிட ரூலும் கூட. ஒருநாள் பின்னேரம் அவவுக்குச் சொக்ஸ் போட்டுவிடேக்க என்ர கையைப் பிடிச்சா. என்ன நடந்தது, ஆருக்குச் சுகமில்லை எண்டு ஒண்டும் கேக்கேல்லை. "நீ எங்கயோ காத்துக்கொண்டு இருக்கிறாய், சாப்பிடேல்லை" எண்டா. நான் ஓம் எண்டன். கீழ் லாச்சியைத் திற எண்டா. நைற்றிகளுக்கு அடியில நாடா போட்டுக் கட்டின ஒரு துணிப்பை. உள்ளுக்குக் காய்ஞ்ச பணிஸ். அவையின்ர ஸ்வீபாக், ஒரு உருண்டைக்கு மேல இன்னொரு குட்டி உருண்டை வச்சுச் சுடுற பட்டர் பணிஸ், ஞாயிற்றுக்கிழமையில மெத்தெண்டு சாப்பிடுவினம். பயணத்துக்கு எண்டா மேல் உருண்டையையும் கீழ் உருண்டையையும் பிரிச்சு, குறைஞ்ச சூட்டில திருப்பியும் போட்டு, தண்ணித்தன்மை முழுக்கப் போகும் வரைக்கும் வாட்டி எடுப்பினம். எங்கட புழுக்கொடியல் மாதிரி, கல்லுப்போல, மாசக்கணக்கில கிடக்கும். அதை ஏன் எண்பது வருசம் கழிச்சும் ஒரு மனிசி தன்ர லாச்சியில வச்சிருந்தவ எண்டு எனக்கு அப்ப தெரியாது. மகளிட்டச் சொல்லி ஓவனில வாட்டி எடுப்பிச்சுக்கொண்டே இருப்பாவாம், முடிய முடிய.

பிறகு ஒரு அறிவுறுத்தல் தந்தா பாருங்கோ. "கோட் பொக்கற்றில போடு, பையில போட்டா மறந்துபோவாய். பல்லால கடிக்காத, கோப்பியில தோய், கோப்பி இல்லாட்டித் தண்ணி காணும். முதல் நாளே எல்லாத்தையும் முடிச்சுப்போடாத." அவ்வளவுதான். கர்த்தர் பாத்துக்கொள்ளுவார், எல்லாம் நல்லதுக்கு, உறுதியா இரு, இந்தக் கதை ஒண்டும் இல்லை. அந்த நாட்களில எனக்கு எத்தினை பேர் புத்தி சொன்னவை, நல்ல மனசோடதான் சொன்னவை, நான் குறை சொல்லேல்லை. ஆனா எப்பிடிச் சாப்பிடுறது எண்டு சொல்லித் தந்த ஒரே ஆள் அவதான்.

ரெசிடென்ரிட்டப் பரிசுப்பொருள் வாங்கக்கூடாது எண்டு எங்களுக்கு ரூல் இருக்கு. நான் பையோட சுப்பர்வைசரிட்டப் போய் நிண்டன். அவ எட்டிப் பாத்திட்டு, பரிசு எதையும் காணேல்லை, பாண்தான் தெரியுது, வீட்ட போ எண்டா. அவவுக்கும் இதில ஒரு நன்றி.

அண்டு ராத்திரி ஆஸ்பத்திரி நடைவழியில அதைத் தோச்சுத் தோச்சுத் திண்டன். தோயாத துண்டு கடிபடேக்க நடைவழி முழுக்கக் கேக்குது, பக்கத்தில தன்ர பேரனுக்காகக் காத்துக்கொண்டிருந்த ஒரு க்ரீ (கனடாப் பழங்குடி) அம்மம்மா சிரிச்சா, அவவுக்கும் குடுத்தன். சும்மா மாச்சாப்பாடுதான், ஆனா வயித்துக்குள்ள இருந்துது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு ராத்திரியும் ரெண்டு ரெண்டா. அவ சொன்னபடி முதல் நாள் முடிக்கேல்லை.

ஓமா பங்குனியில போய்ச் சேந்திட்டா. நித்திரையில. எனக்கு லீவு குடுத்தவை, சேர்ச்சுக்குப் போனன். அவையின்ர செத்தவீட்டில ஒரு வழக்கம் இருக்கு, செத்தவரின்ர வாழ்க்கை வரலாற்றை முழுசா வாசிக்கிறது. கனபேர் தாங்களே முன்கூட்டி எழுதி வச்சிட்டுப் போவினம். ஓமாவும் எழுதி வச்சிருந்தவ, மகள் வாசிச்சா. அதில நான் கேட்டதைச் சொல்லுறன்.

பிறந்தது 1934, உக்ரைனில மொலொச்னா எண்டு மெனோனைட் ஊர்கள் இருந்த இடம். 2022இல ரீவியில ரொக்மாக் எண்ட பேர் வரேக்க சத்தத்தைக் கூட்டச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, அந்தப் பக்கம்தான். அவ பிறக்கேக்க சேர்ச்சுகளைப் பூட்டத் தொடங்கிட்டாங்கள். செபம் பண்ணப் பழக்கினது அவவின்ர அம்மம்மாதான், அதுவும் போர்வைக்குள்ள, வாயை அசைக்காம. 1938இல ஒரு ராத்திரி தகப்பனைக் கொண்டுபோனவங்கள். அந்த ஊர்களில 1937, 38 ரெண்டு வருசத்தில கொண்டுபோன ஆம்பிளையள் கணக்கு வழக்கில்லை. 1943 செப்ரெம்பரில ஜேர்மன் ஆமி பின்வாங்கேக்க சனம் முழுக்க வண்டில் கட்டி அதோட மேற்குப் பக்கம் வெளிக்கிட்டுது. வெளிக்கிட முதல் ராத்திரி ராத்திரியா அம்மம்மா ஸ்வீபாக் வாட்டித் தலையணை உறையில கட்டினவ. அம்மம்மா வழியில செத்துப்போனா. பை போலந்து வரைக்கும் வந்துதாம்.

ஒரு இடத்தில மகளின்ர குரல் இறங்கிச்சு. ஓமா எழுதியிருக்கிறா: ஜேர்மன்காரர் வரேக்க நாங்கள் சந்தோசப்பட்டனாங்கள், சேர்ச் திறந்ததெண்டு பாட்டுப் படிச்சனாங்கள், பக்கத்து ரவுணில இருந்த யூதக் குடும்பங்கள் எங்க எண்டு நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை, எங்கட அண்ணாவுக்கும் யூனிஃபோர்ம் போட்டுவிட்டாங்கள், ஆயுதம் தூக்காத சனம் எண்டு எங்களைப் பற்றி நாங்களே கதைக்கேக்க இதையும் சேர்த்துக் கதையுங்கோ எண்டு. சேர்ச்சுக்குள்ள சிலபேர் தலையைக் குனிஞ்சவை. எங்கட பக்கத்தில இப்பிடித் தன்ர செத்தவீட்டில வாசிக்க எழுதி வைக்கிற ஆள் இருப்பினமோ? எனக்குத் தெரிஞ்சு இல்லை. விசுவாசம் எண்டா இதுதான் எண்டு எனக்குப் பட்டுது.

சண்டை முடிய அப்பிடி வந்த முப்பத்தையாயிரம் பேர் அளவில பெரும்பகுதியை சோவியத் ஆமி பிடிச்சுத் திருப்பி அனுப்பிச்சு. ஓமாவின்ர அம்மா மூண்டு பிள்ளையளோட தப்பி, எம்சிசி எண்டு அவையின்ர நிவாரண அமைப்பு நடத்தின காம்பில இருந்து 1948இல கப்பலேறினவ. இந்த எம்சிசி 1920இல துவங்கினதே உக்ரைன் பஞ்சத்துக்குச் சமையல்கூடம் போடத்தான். ஓமாவின்ர அம்மா சின்னப்பிள்ளையா அந்தக் கூடத்தில வரிசையில நிண்டு சாப்பிட்டவவாம், குடுத்தவை அமெரிக்காவில இருந்த முன்பின் தெரியாத ஆக்கள். மனிற்றோபாவில பீட்ரூட் தோட்டம், சீனிக்குப் போடுற பீட்ரூட், பிறகு வின்னிபெக்கில தையல் ஃபக்டரி. ஓமா ஞானஸ்நானம் எடுத்தது பதினெட்டு வயசில, கனடாவில, தானா. தகப்பன் உயிரோட இருக்கிறாரா இல்லையா எண்டு தெரியாததால தாய் வேற கலியாணம் கட்டேல்லை. சோவியத் உடைஞ்சு பைல்கள் திறந்தாப் பிறகுதான் கடுதாசி வந்தது, பிடிச்ச அதே வருசமே சுட்டிட்டாங்களாம். தாய் அதுக்கு முதலே போயிட்டா.

இதை வாசிக்கேக்க நான் கிளிநொச்சியில 2017இலயிருந்து காணாமப்போன பிள்ளையளின்ர படத்தைக் கையில வச்சுக்கொண்டு இருக்கிற அம்மாமாரைத்தான் நினைச்சன். எங்கட வீட்டிலயும் ஒரு படம் இருக்கு, தெரிஞ்சவைக்குத் தெரியும். அதுக்கு மேல எழுத ஏலாது.

பிறகு பேஸ்மென்றில பணிஸ், சீஸ், சீனிக்கட்டி, கோப்பி. ஓமாவின்ர மகளிட்ட நான் இந்தக் கடனை எப்பிடித் தீர்க்கப்போறன் எண்டு கேட்டன். அவ சிரிச்சா. 1920களில வந்த ஆக்களுக்கு சிபிஆர் ரெயில் கொம்பனி கடனுக்குத்தான் ரிக்கெற் குடுத்ததாம், றொஸ்தேர்ண் ஊரில டேவிட் ரோவ்ஸ் எண்ட பெரியவர் எல்லாருக்கும் சேர்த்துக் கையெழுத்து வச்சவர், செத்துப்போன ஆக்களின்ர பங்கையும் கட்டேலாத ஆக்களின்ர பங்கையும் மற்றவை சேர்த்து, வீட்டு வேலைக்குப் போன பொம்பிளைப் பிள்ளையளின்ர சம்பளத்தையும் சேர்த்து, 1946இலதான் கட்டி முடிச்சவை. "எங்களுக்குக் கடன் பழக்கம்தான், அவசரப்படாத" எண்டா.

அவை சும்மா இருக்கிற ஆக்களும் இல்லை. 1979இல அகதிகளை ஸ்பொன்சர் பண்ண கனடா அரசாங்கத்தோட முதன்முதல் ஒப்பந்தம் போட்டது எம்சிசிதான். எங்கட பெரியம்மா குடும்பத்தை 80களில எடுத்ததும் ஒரு மெனோனைட் சேர்ச். விமான நிலையத்தில தாடிக்காரக் கிழவன் ஒருத்தர் அஞ்சு பேருக்கும் அளவு பாக்காமக் கோட் கொண்டுவந்து நிண்டவர் எண்டு பெரியம்மா இப்பவும் சொல்லிச் சிரிப்பா.

நான் ஒண்டு முடிவெடுத்திருக்கிறன். அம்மா ஸ்காபரோவில இருக்கிறா, எண்பது தாண்டிட்டுது. 95 ஐப்பசியில யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள்ள செம்மணி வழியால வெளிக்கிட்டது எனக்கு அரைகுறையாத்தான் தெரியும், அவவின்ர கலியாணத்துக்கு முந்தின கதை சுத்தமாத் தெரியாது. இந்தக் கோடைக்குப் போய் இருந்து எல்லாத்தையும் கேட்டு எழுதப்போறன், சொல்ல விரும்பாததையும் சேர்த்து. செத்தாப் பிறகு கல்வெட்டுப் புத்தகத்தில தேவாரமும் பேரப்பிள்ளையளின்ர பேரும் அடிக்கிறது போல இல்லாம, அவ இருக்கேக்கையே வாசிச்சுக் காட்டுற மாதிரி. அண்ணாமார் எதிர்ப்பினம், பாப்பம்.

ஓமாவின்ர மகளும் சேர்ச் ஆக்களும் இதைத் தமிழில வாசிக்க ஏலாது, என்ர மூத்தவள் இங்கிலீசில மாத்தித் தாறன் எண்டிருக்கிறாள். வாற ஞாயிறு மத்தியானம் அவையின்ர சேர்ச் பேஸ்மென்றில நாங்கள் சமைக்கிறம், அவரும் வாறார், நிக்க ஏலாது, கதிரையில இருந்து மரக்கறி வெட்டுவார். எங்களுக்கு உதவி செய்த நீங்கள் எல்லாரும் வாங்கோ. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கோழி ரெண்டு சட்டியில, ஒண்டு எங்களுக்கு, மற்றது உறைப்பில்லாம. பாக்கிங் சேர்ச்சுக்குப் பின்பக்கம்.