மூலக்கூறுப் பெட்டகங்கள்: விடுபட்ட பாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு உலோக-கரிமச் சட்டகங்களுக்கு வழங்கப்பட்டதையொட்டித் தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரை, உலோக அயனிகளின் துணையோடு தாமாகவே உருவாகும் மூலக்கூறுப் பெட்டகங்களை ஒரே பத்தியில், அதுவும் புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் கலமாக மட்டும் சொல்லி முடித்துவிட்டது. அவற்றின் உண்மையான சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

சட்டகம் என்பது திடப்பொருளில் முடிவின்றி நீளும் வலை. பெட்டகமோ கரைசலில் தனித்து மிதக்கும் மூடிய மூலக்கூறு. இரண்டுக்கும் அடிப்படை, நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் வெர்னர் கொள்கையோடு படிக்கும் அணைவு வேதியியல்தான்; உலோக அயனியைச் சுற்றி மற்ற மூலக்கூறுகள் பிணைவதைப் பற்றிய பாடம் அது. பல்லேடியம் அயனியைச் சுற்றி நான்கு பிணைப்பிடங்கள் ஒரே தளத்தில் சதுரமாக அமைகின்றன. அவற்றுள் அடுத்தடுத்த இரண்டை எத்திலீன்டைஅமீன் என்னும் சிறு மூலக்கூறு பிடித்துக்கொண்டால், மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் திறந்திருக்கும். இந்தச் செங்கோணத்தைக் கொண்டே ஜப்பானிய வேதியியலாளர் மகோட்டோ புஜிட்டா 1990இல் ஒரு மூலக்கூறுச் சதுரத்தையும், 1995இல் மூன்று முனைகளிலும் பிரிடின் வளையம் கொண்ட ஈனிகளை (உலோக அயனியைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளை)ச் சேர்த்து ஒரு கூண்டு வடிவப் பெட்டகத்தையும் ஆக்கிக் காட்டினார். ஆறு பல்லேடியம், நான்கு ஈனிகள். ஈராறு பன்னிரண்டு, மூநான்கு பன்னிரண்டு என்று ஓரிடமும் மிச்சமில்லாமல் கணக்குத் தீர்கிறது. ஈனி முதலில் தவறான இடத்தைப் பற்றினாலும் அந்தப் பிணைப்பு எளிதில் அறுந்து மீண்டும் உருவாகக்கூடியது என்பதால், நிலைப்புமிக்க வடிவம் கிடைக்கும்வரை கரைசல் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது.

உள்ளே நடப்பதுதான் வியப்பு. மூன்று வளையங்கள் வரிசையாக இணைந்த ஆந்த்ரசீன், இரு மூலக்கூறுகள் சேர்ந்து புதிய வளையம் உருவாகும் டீல்ஸ்-ஆல்டர் வினையில் வழக்கமாகத் தன் நடு வளையத்தைத்தான் கொடுக்கும். புஜிட்டா குழுவினர் 2006இல் அதைக் கூண்டுக்குள் அடைத்தபோது ஓர வளையத்தில் வினை நிகழ்ந்தது. வெண் பாஸ்பரஸோ காற்றுப்பட்டால் தீப்பற்றும் என்பதால் நீருக்கடியில் வைக்கப்படுவது. அதனை 2009இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜொனாதன் நிட்ஷ்கேயின் குழு, நான்கு இரும்பு அயனிகளும் ஆறு ஈனிகளும் கொண்ட நான்முகிப் பெட்டகத்துக்குள் வைத்துக் காற்றில் நிலைத்திருக்கச் செய்தது. ஆக்சிஜன் உள்ளே நுழைய முடியாதது இதற்குக் காரணமன்று. ஆக்சிஜன் சேர்ந்தால் விளையும் பொருள் அந்த அறைக்குள் அடங்காத அளவு பெரியது. சிமிழுக்குள் இறுக வைத்த விதைக்கு முளைவிட இடமில்லாதது போல, வினை தொடங்கவே வழியில்லை. வேண்டும்போது பென்சீனைச் சேர்த்தால் அது இடம்பிடித்துக்கொண்டு பாஸ்பரஸை வெளியே அனுப்பிவிடுகிறது.

மருந்தேற்றும் ஆய்வுகள் நடக்கவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும், பெட்டகத்தைப் பிழையறக் கட்டித்தரும் அந்த நெகிழ்வான பிணைப்பே உடலுக்குள் அதன் பலவீனமாகவும் ஆகிறது. பல்லேடியத்துக்குக் கந்தகத்தின்மேல் உள்ள நாட்டம் மிகுதி, குளூட்டாதயோன் போன்ற கந்தகச் சேர்மங்களோ உயிரணுக்களில் நிறையவே உண்டு; அவை பல்லேடியத்தைப் பற்றிக்கொண்டு பெட்டகத்தைக் குலைத்துவிடக்கூடும். இதைச் சொல்லாமல் புற்றுநோய் என்ற சொல்லை மட்டும் முன்னால் நிறுத்துவது, சிகிச்சையில் இருப்பவர்களின் குடும்பத்தாரிடம் வீண் நம்பிக்கையை வளர்க்கும். (அறிவியல் செய்திகள் பலவற்றுக்கும் இந்தப் பழக்கம் தொற்றியிருப்பது வேறு கதை.)

இத்துறையைப் பற்றி எழுத டோக்கியோவரை செல்ல வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் துறையில் பேராசிரியர் திலீப் குமார் சந்த் பல்லேடியம் கூண்டுகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இப்பணி நடக்கிறது. தங்கள் செய்தியாளர் ஒருவரைச் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துக்கு அனுப்பி, அணைவு வேதியியல் பாடத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிளஸ் டூ மாணவர்களுக்கும் புரியும்படி, படங்களோடு ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர்,
குரோம்பேட்டை, சென்னை.