அப்பாவிடம் டிக்கெட் வாங்கியவர்களுக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பினாங்கு டவுனில் உள்ள கொம்தார் நிறுத்தத்திலிருந்து பாலிக் புலாவ் ஊருக்குப் போன 401-ஈ பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் இந்த மடல். உங்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. யார் கண்ணிலாவது இது பட்டால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

வெள்ளைச் சட்டை, காக்கிக் கால்சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. முன்கதவுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் பெயர் சொல்லிக் கூவினாரே ஒரு பெரியவர், அவர் என் அப்பா. வயது 80. மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. நான் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். பூட்டாதது என் தப்புதான்.

தேடாத இடம் இல்லை. பாசார், கோப்பிக்கடை, பெரிய ஆஸ்பத்திரி, குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் படம் போட்ட அரை மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் மோட்டாரில் கிளம்பிவிட்டார்கள். அந்தத் தம்பிமார்களுக்கு முதல் நன்றி. ஒருவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அப்பா பஸ் ஏறியிருப்பார் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மற்றவர்களை விடுங்கள், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அப்பா மஞ்சள் பஸ் கண்டக்டர். 1964-ல் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு 20 வயது. அப்போது மஞ்சள் பஸ், நீல பஸ், பச்சை பஸ் என்று நிறத்தை வைத்தே எந்தப் பக்கம் போகிற வண்டி என்று தெரிந்துவிடும். நீலம் வடக்கே பத்து ஃபெரிங்கி ஊர்ப் பக்கம். மஞ்சள் தெற்கே இறங்கிப் பாலிக் புலாவ் வரை. அப்பாவுக்கு 66-ஆம் நம்பர் பஸ். இடுப்பில் தோல்பை, விரலிடுக்கில் டிக்கெட் கட்டு. தமிழ், மலாய், சீனர்கள் பேசும் ஹொக்கியன் மூன்றிலும் சில்லறை கேட்பார். மிண்டனில் பட்டாளத்துக்காரர்கள் ஏறியதையும் சொல்வார், அதே இடத்தில் பல்கலைக்கழகம் வந்து மாணவர்கள் ஏறியதையும் சொல்வார். பாயான் லெப்பாஸில் வயல் இருந்த இடத்தில் 1972-க்குப் பிறகு ஃபேக்டரிகள் எழும்பின. ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் நின்றுகொண்டே தூங்குவார்களாம். இறங்கும் இடம் வந்ததும் இவர்தான் எழுப்பிவிடுவார்.

ஓட்டுநரே காசு வாங்கிக்கொள்ளும் காலம் வந்ததும் அவர் வேலை போயிற்று. பிறகு ஒரு ஃபேக்டரியில் ஜாகா, அதாவது காவல்காரர். 2007 ஜூலை 31-ல் ரேபிட் பினாங்கு என்ற புது பஸ் ஓட ஆரம்பித்தபோது ஆசையாக ஒரு தடவை ஏறினார். ஏர்கோன் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காசைப் பெட்டியில் போட வேண்டும், மிச்சம் கிடைக்காது என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "மிச்சக் காசு கொடுக்க ஆள் இல்லாததெல்லாம் ஒரு பஸ்ஸா?" என்றார். அதற்குப் பிறகு ஏறியதே இல்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

பஸ்ஸில் நடந்ததை ஓட்டுநர் அபாங் (மலாயில் அண்ணன்) எனக்குச் சொன்னார். பஸ் எந்தப் பாதையில் போனாலும் அப்பா வாயில் பழைய பாதைதான் வந்திருக்கிறது. ஜெலுத்தோங், குளுகோர், சுங்கை நிபோங், பாம்புக்கோயில் என்று வரிசை தப்பாமல் கூவியிருக்கிறார். அப்புறம் ஒவ்வொரு இருக்கையாகப் போய் "திக்கெட், திக்கெட்" என்று கை நீட்டியிருக்கிறார்.

இந்த இடத்தை எழுதும்போது எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. கையிலே போனும் காமிராவும் இருக்கிற காலம். யாராவது படம் பிடித்துப் போட்டிருக்கலாம். ஒருவரும் செய்யவில்லை. முதல் இருக்கையில் இருந்த மக் சிக், அந்த மலாய்க்கார அம்மா, பையைத் திறந்து 50 காசு எடுத்து, "பாலிக் புலாவ், ஒன்று" என்று மலாயில் கேட்டாராம். அப்பா வெறுங்கையால் டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறார். மக் சிக் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர். தூடோங் (தலைத்துணி) போட்ட ஒரு மாணவி மட்டும் காசோடு நிறுத்தவில்லை. மலைச்சாலை வளைவு வரப்போகிறது, கண்டக்டர் உட்கார்ந்துகொண்டும் டிக்கெட் கொடுக்கலாம் என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது. தான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் அந்தப் பிள்ளை கூடவே போயிருக்கிறது. அப்பாவின் சட்டைப் பையில் கிளினிக் அட்டை இருந்ததையும் அதில் என் நம்பர் எழுதியிருந்ததையும் கண்டுபிடித்தது அதுதான். ஓட்டுநர் அபாங் பாலிக் புலாவ் போய் வண்டியை நிறுத்தியதும் எனக்குப் போன் செய்தார். நான் வந்து சேரும்வரை அப்பாவை உட்கார வைக்கக் கோப்பிக்கடைக்கும் அழைத்துப் போனார்.

அந்தக் கோப்பிக்கடையில் ஒரு சீனப் பெரியவர். அப்பாவை இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "லக் சப் லக்!" என்று கத்தினாராம். அறுபத்தாறு. அவருக்கு அப்பாவின் பெயர் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஒரு காலத்தில் தோட்டத்து ஜாதிக்காயைக் கூடையில் கட்டி 66-இல்தான் டவுனுக்கு அனுப்புவாராம். அங்கே இருந்து அவருடைய அம்மாவுக்கு மருந்து வாங்கிவந்து கொடுத்தது அப்பா. நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் ஹொக்கியனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் என்னை யார் என்று கேட்ட மனிதர், அங்கே ஒரு கூடைக்கு எவ்வளவு வாங்கினோம் என்பதில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கோப்பிக்கும் ரொட்டிக்கும் காசு கொடுக்கப் போனேன். அந்த அங்கிள் கையைத் தட்டிவிட்டார்.

மாணவி நான் போவதற்கு முன்பே டவுனுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட்டது. அம்மா, நீ எங்கே படிக்கிறாய் என்றுகூட நான் கேட்டுவைக்கவில்லை. அந்த மக் சிக்கையும் பார்க்க முடியவில்லை. நீங்கள் எல்லாரும் கொடுத்த காசு 1 வெள்ளி (ரிங்கிட்) 70 காசு. அதைத் திருப்பித் தரத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன், அப்பா விட்டால்.

அவர் விடுவதாக இல்லை. தகர டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறார். சாயங்காலமானால் கொட்டி எண்ணுகிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "டிப்போவில் இன்னும் கணக்கு ஒப்படைக்கலை, எத்தனை மணிக்கு மூடுவான்?" என்று கேட்டார். எட்டு மணிக்கு என்றேன். "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று மூடியை அழுத்தி மூடினார்.