கலெட் செய்முறைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான பிளம்ஸ் கலெட் செய்முறையைப் படித்தேன். அச்சோ வளையமோ இல்லாமல், மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் பழத்தைப் பரப்பி, ஓரங்களைக் கையாலேயே மேலே மடித்துவிட்டுச் சுட்டெடுக்கும் இந்தப் பிரெஞ்சு வீட்டுப் பலகாரத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது பாராட்டத்தக்கது. இதற்கு முட்டையும் வேண்டாம், ஈஸ்ட்டும் வேண்டாம். ஓரம் கோணலாக வந்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை என்பதால், புதிதாக ஓடிஜி (கேக் சுடும் சிறிய மின்சார அடுப்பு) வாங்கியவர்கள் கேக்கைவிட இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் அந்தச் செய்முறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுபவருக்குக் கிடைக்கப்போவது கலெட் அல்ல. எண்ணெய் கசியும் அடியும் பல்லுக்குச் சவாலான ஓரமும் கொண்ட ஒரு தட்டைதான். அதற்கான காரணங்களைச் சுட்டிக்காட்டவே இக்கடிதம்.

வெண்ணெயையோ நெய்யையோ அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மைதாவுடன் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும் என்று அதில் கூறப்பட்டுள்ளது. ஐரோப்பியச் சமையலறையில் அறை வெப்பம் என்பது ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் மே மாதப் பிற்பகலில் சமையலறை 33, 34 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். 35 டிகிரியை நெருங்குவதற்குள் வெண்ணெய் பெரும்பாலும் உருகிவிடும். கலெட்டின் மேலோடு அடுக்கடுக்காகப் பொரிந்து வருவதற்கு, மாவுக்குள் வெண்ணெய் சிறு சிறு தகடுகளாகத் தனித்து நிற்க வேண்டும். கடையில் வாங்கும் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி நீர். சூடான ஓடிஜிக்குள் போனதும் அந்த நீர் ஆவியாகி மாவின் படலங்களைத் தூக்கிப் பிரிக்கிறது. உருகும் கொழுப்பு அந்தப் படலங்களை உள்ளிருந்தே பொரித்து முறுகலாக்குகிறது. வெண்ணெய் முன்கூட்டியே இளகி மாவில் ஊறிவிட்டால் இவை இரண்டும் நடப்பதற்கு வழியில்லை. நெய்யில் நீரே கிடையாது என்பதால், அதைச் சேர்த்தால் நெய் பிஸ்கட் போல உதிருமே தவிர அடுக்கு வராது. வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயில் இதற்கு நேர்மாறான சிக்கல்: மோர் நீர் அதிகம் தங்கியிருப்பதால் மாவு கொழகொழத்துப் போகும்.

பிசைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரோட்டாவுக்கு மாவை அடித்துப் பிசைவது, அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இழுவையாக வளர வேண்டும் என்பதற்காக. இங்கே அந்த இழுவைதான் வேண்டாதது. பேக்கரி பப்ஸ் மட்டும் இந்த வெயிலிலும் எப்படி அடுக்காக வருகிறது என்று சிலர் கேட்கக்கூடும். பேக்கரிகளில் பெரும்பாலும் பயன்படுத்துவது எளிதில் உருகாத மார்ஜரின் என்ற செயற்கை வெண்ணெய். சுவை குறைந்தாலும் அது வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும். வெண்ணெயின் மணம் வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டியை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

தொழில்முறைச் சமையலில் மாவு, வெண்ணெய், நீர் ஆகியவற்றை எடையில் 3:2:1 என்று எடுப்பது வழக்கம். கடைகளில் 100 கிராம் வெண்ணெய்க் கட்டி கிடைப்பதால் நம் கணக்கு சுலபமாகிறது: 150 கிராம் மைதா, ஒரு கட்டி வெண்ணெய், அதிகபட்சம் 50 மில்லி ஐஸ் நீர். உப்பிட்ட வெண்ணெயானால் தனியே உப்புச் சேர்க்கத் தேவையில்லை. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, மைதாவில் போட்டு, ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒருமுறை மட்டும் நசுக்கிவிட வேண்டும். உள்ளங்கை படக்கூடாது, அதன் சூடே வெண்ணெயை இளக்கிவிடும். பிறகு ஐஸ் நீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, அள்ளி அழுத்தினால் பிடிபடும் பதம் வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். ஆங்காங்கே உலர்ந்த மாவு தெரிந்தாலும் கவலையில்லை. தட்டையாக அழுத்தி, உறையில் சுற்றி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் தானாகவே சீராகப் பரவிவிடும். தேய்க்கும்போது மாவில் வெளிர் மஞ்சள் கீற்றுகள் ஓடுவது தெரிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று பொருள். பேக்கிங் பேப்பரின் மீதே வைத்துத் தேய்த்துவிட்டால், பழம் நிரப்பிய பிறகு தட்டுக்கு மாற்றுவதில் சிரமம் இருக்காது.

அளவுகளை எல்லாம் கப் கணக்கில் கொடுத்திருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மைதாவைத் தளர்வாக அள்ளினால் ஒரு கப் 120 கிராம். அழுத்தி அள்ளினால் அதே கப் 150 கிராமையும் தாண்டிவிடும். குழம்பில் இந்த வேறுபாடு தெரியாது. இதில் தெரியும்.

பழத்துக்கு வருவோம். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் மே, ஜூன் மாதங்களில் வரும் பிளம்ஸ் இதற்கு மிகப் பொருத்தமானது. அதன் புளிப்பு சுடும்போது மேலும் தூக்கலாகிறது, தோலின் நிறம் சாற்றில் இறங்கிச் சிவப்பேறுகிறது. ஆனால் நறுக்கிய பழத்தில் சர்க்கரை கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, விட்ட சாற்றோடு சேர்த்து மாவின் மேல் ஊற்றும்படி எழுதியிருப்பதைக் கண்டு திகைத்துப்போனேன். சர்க்கரை பழத்தின் நீரை வெளியே இழுக்கும். அந்த நீரைச் சுடாத மாவின் மீது கொட்டினால் அடிப்பகுதி வேகவே வேகாது. 350 கிராம் பிளம்ஸுக்கு 50 கிராம் சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரும், மாவின் மேல் பரப்புவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். பழத்துக்கு அடியில் ஒரு மேசைக்கரண்டி ரவையோ பொடித்த பாதாமோ தூவிவிட்டால், கசியும் சாற்றை அது உறிஞ்சிக்கொள்ளும். இறுதியில், விரும்பினால் தர்பூசணியும் சேர்க்கலாம் என்று ஒரு வரி உள்ளது. 90 சதவீதத்துக்கு மேல் நீராக இருக்கும் பழத்தை ஓடிஜியில் வைக்கச் சொன்னவர் அதை ஒருமுறையேனும் செய்து பார்த்திருப்பாரா என்பது ஐயமே. கெட்டியான பேரிக்காய், ஆப்பிள், அதிகம் பழுக்காத மாம்பழம் ஆகியவை நன்றாக வரும்.

மிதமான சூட்டில் பொன்னிறமாகும் வரை சுடவும் என்பதும் போதாது. ஓடிஜியில் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய, 200 டிகிரியில் கால் மணி நேரமாவது முன்சூடு செய்ய வேண்டும். தட்டையும் உள்ளேயே வைத்துச் சூடாக்கி, கலெட்டைப் பேப்பரோடு அதன் மீது நகர்த்தினால் அடிமாவு உடனே வேகத் தொடங்கும். கீழ்த் தட்டில் வைத்து 40 முதல் 45 நிமிடம் ஆகும். மேல்புறம் சிவந்துவிட்டது என்று எடுத்துவிடக் கூடாது: நடுவில் சாறு கொப்பளிக்கும் வரை கார்ன்ஃப்ளார் கெட்டிப்படாது, தோசைத் திருப்பியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியும் பழுப்பேறியிருக்க வேண்டும். வெளியே எடுத்தபின் இருபது நிமிடமாவது ஆறவிட்டு வெட்டினால்தான் சாறு ஓடாது.

கட்டுரையின் முன்னுரையில் இதனை மூன்று ராஜாக்கள் திருநாளுக்குரிய பண்டம் என்று குறிப்பிட்டிருப்பதும் பிழையே. ஜனவரி 6ஆம் நாளை ஒட்டி பிரான்சில் உண்பது, பஃப் பேஸ்ட்ரித் தகடுகள் இரண்டுக்கு நடுவே பாதாம் பூரணம் வைத்து, உள்ளே சிறு பீங்கான் பொம்மை ஒளித்து, அது கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம் சூட்டும் வேறொரு கலெட். பழம் நிரப்பும் இந்த வகைக்குத் திருநாள் எதுவும் தேவையில்லை.

பிளம்ஸ் வரத்து இன்னும் சில வாரங்களே இருக்கும். அதற்குள் அளவுகளைக் கிராமிலும் சூட்டை டிகிரியிலும் குறிப்பிட்டு, நெய்யையும் தர்பூசணியையும் நீக்கி, அச்செய்முறையைத் திருத்தி மறுபடியும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சி