நிறுத்திய பிறகும் ஓயாத ரேடியேட்டர் ஃபேன்: சர்வீஸ் நிலையத்துக்கு ஒரு புகார் கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சேலம் கிளை.

பொருள்: ஃபேன் ஒயரிங்கைச் சரிசெய்வதும் பேட்டரிக்கு ஈடு தருவதும் குறித்து.

ஐயா,

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வண்டியை நிறுத்தினால் பானெட்டுக்குள் அனல் அடங்க வெகு நேரம் ஆகிறது, சாவியை எடுத்த பிறகும் ஃபேன் கொஞ்சம் ஓடினால் தேவலை என்று போன மாதம் உங்கள் சர்வீஸ் நிலையத்தில் கேட்டேன். "சின்ன வேலை சார், ஒரு ரிலே போட்டா முடிஞ்சது" என்றார் உங்கள் எலக்ட்ரீஷியன். ரிலே என்றால் சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். போட்டும் கொடுத்தார். ஃபேன் ஓடுகிறது. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது.

டவுனுக்குள் போய்விட்டு வந்து நிறுத்தினாலும் அரை மணி, முக்கால் மணி ஓடுகிறது. அந்த நேரத்தில் ரேடியேட்டரில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. காரணம் எளிது. வெப்பநிலை சுவிட்சை எஞ்சின் பக்கம், சூடான நீர் எஞ்சினை விட்டு வெளியேறும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் பொருத்தியிருக்கிறீர்கள். எஞ்சின் நின்றால் வாட்டர் பம்பும் நிற்கும். எஞ்சின் பிளாக்கில் இருக்கும் சூடான நீர் ரேடியேட்டருக்கு வராது. அப்புறம் ஃபேன் என்ன சுற்றி என்ன? அடுப்படியில் உலை கொதிக்க, கூடத்தில் விசிறி போட்ட கதைதான். சுவிட்சின் மேல் 92–87 என்று பொறித்திருக்கிறது; 92 டிகிரியில் ஃபேனைப் போடும், 87-இல் அணைக்கும் என்று பொருள். பிளாக் தானாக ஆறி 87 டிகிரிக்கு இறங்கும்வரை ஃபேன் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். 10 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் முக்கால் மணி ஓடினால் 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கடை கடையாக நிறுத்தி எடுக்கும் ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் அதை எப்போது திருப்பி ஏற்றும்? போன வாரம் காலையில் செல்ஃப் எடுக்கவே இல்லை.

போனில் கேட்டதற்கு "பேட்டரி பழசா இருக்கும்" என்றார்கள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடிக்கடி முழுக்க இறங்கியதால் கெட்டது, வாரண்டி செல்லாது என்று பேட்டரிக் கடையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

இதைவிடப் பயமாக இருப்பது ஒயர். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ரிலேக்கு வரும் சிவப்பு ஒயரில் ஃபியூஸே இல்லை. அந்த ஒயர் ரிலேயில் சேரும் 30-ஆம் முனையில் அதன் தோல் பழுத்து, உருகி ஒட்டிக் கிடக்கிறது. இரவில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி இது. ஷார்ட் ஆகியிருந்தால் யார் பொறுப்பு?

ஆகவே, சுவிட்சை ரேடியேட்டரின் அடித்தொட்டிப் பக்கம் மாற்றி, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போட்டு, தடிமனான ஒயர் இழுத்து, சில நிமிடங்களில் தானாக அணைக்கும் டைமர் ரிலேயும் வைத்துத் தாருங்கள். சாவி இல்லாமலே ஃபேன் சுற்றும் என்று பானெட்டுக்குள் எச்சரிக்கை ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். தண்ணீர் பார்க்கக் கையை உள்ளே விடும் ஆளுக்கு அது எப்படித் தெரியும்? இதற்கெல்லாம் கூலி கேட்கக் கூடாது. புதுப் பேட்டரியின் விலையையும் தர வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், பேட்டரிக் கடைச் சீட்டு, உருகிய ஒயரின் படங்கள்.