மகளுக்கு, சட்டியோடு ஒரு கடிதம்

ஸ்ட்ராஸ்பூர்க்

அன்புள்ள மகளுக்கு,

சட்டியைப் பார்சலில் போட்டாயிற்று. சுஃப்ளென்ஹைம் குயவர்களிடம் வாங்கியது, நீல நிறத்தில் வெள்ளைப் பூப்போட்டது. அம்மா உன்னுடைய பழைய ஸ்வெற்றர்களால் சுற்றிக் கட்டியிருக்கிறா. வந்ததும் மூடியில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

போன கிழமை கதைத்தபோது, இந்தச் சட்டியில் இறைச்சியும் கிழங்கும் அடுக்கி அவிக்கிற பெக்கோஃப் சமைத்துக் கொடுத்தால் ரொறன்ரோச் சிநேகிதர்கள் இது பிரெஞ்சுச் சாப்பாடா ஜேர்மன் சாப்பாடா என்று கேட்பார்கள், என்ன சொல்வது என்று கேட்டாய். அல்சாஸ் சாப்பாடு என்று சொல், ஜேர்மன் எல்லையோரத்தில் இருக்கிற எங்கள் பிரெஞ்சுப் பகுதியின் சாப்பாடு. அதற்கு மேலும் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. போனில் அவசரமாகச் சொல்ல மனமில்லை.

1870க்கு முன் இங்கே பிறந்து 1945 வரை உயிரோடிருந்த ஒருவர், ஊரைவிட்டு நகராமலே நாலு தரம் நாடு மாறியிருப்பார். 1871இல் ஜேர்மனி, 1918இல் பிரான்ஸ், 1940இல் நாசிகளின் கையில், பிறகு மறுபடி பிரான்ஸ். நாசிகள் இருந்த காலத்தில் பிரெஞ்சு கதைக்கத் தடை. போர் முடிந்த பிறகு பள்ளிக்கூடத்தில் அல்சாஸ் பாஷை கதைத்தால் பிள்ளைகளுக்குத் தண்டனை. நான் கோப்பை கழுவச் சேர்ந்த வின்ஸ்டூப்பின், அதாவது வைனும் ஊர்ச் சாப்பாடும் கொடுக்கிற கடையின், மதாம் அந்தப் பிள்ளைகளில் ஒருவர். மேசைக்கு வருகிறவர்களோடு பிரெஞ்சில் கதைப்பார், குசினிக்குள் வந்தால் தன் பாஷைதான். எனக்கு இந்தச் சமையலைக் காட்டித் தந்தது அவர். மேலே ஆட்சியும் பாடப் புத்தகமும் மாறிக்கொண்டிருக்க, வீட்டுப் பெண்கள் அடுப்படியில் இதை விடாமல் வைத்திருந்தார்கள். எனக்கு இந்தச் சாப்பாட்டின் மேல் இருக்கிற மரியாதை அதனால்தான்.

முட்டைக்கோவாவும் பன்றியும் ஜேர்மன், வைனும் கிரீமும் பிரெஞ்சு என்று பிரித்துச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஷுக்ரூத்தை எடுத்துக்கொள். க்ரௌட்டெர்கெர்ஸ்ஹைம் வயல்களில் நீ சின்னதில் பார்த்த அந்தப் பெரிய கோவாவை நூல்போலச் சீவி, உப்புப் போட்டு, பாரம் வைத்து வாரக்கணக்காகப் புளிக்கவிடுகிறார்கள். ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜேர்மனியிலும் அப்படித்தான். இங்கே அதை வாத்துக் கொழுப்பில் வதக்கிய வெங்காயத்தோடு போட்டு, ரீஸ்லிங் ஊற்றி, ஜூனிப்பர் பழம் நாலைந்து சேர்த்து மெல்லிய நெருப்பில் வைக்கிறார்கள். அந்த ரீஸ்லிங் கொடியும் ஆற்றின் இரண்டு கரையிலும் விளைகிறது. எங்கே கோடு போடுவது? 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் பெயர்ப் பாதுகாப்புக் கொடுத்ததும் அல்சாஸ் ஷுக்ரூத் என்ற பெயருக்குத்தான்.

இனிச் சட்டிக்கு வருகிறேன். பெக்கோஃப் உடுப்புத் தோய்க்கிற நாளின் சாப்பாடு என்று மதாம் சொல்லுவார். திங்கட்கிழமை அடுப்படியில் நிற்க நேரமில்லாத பெண்கள், முதல்நாள் இரவே இறைச்சியை வைனில் ஊறவைத்து, காலையில் சட்டியை பேக்கரியில் கொடுத்துவிட்டுத் தோய்க்கப் போவார்களாம். பாண் சுட்டு முடிந்து தணிந்துகொண்டிருக்கும் போறணையில் அது மத்தியானம் வரை கிடந்து அவியும்.

ஊர் முறைப்படி மாடு, ஆடு, பன்றி மூன்றும் போட வேண்டும், ஆறு பேருக்கு ஒவ்வொன்றிலும் அரைக் கிலோ. அம்மா மாடு சாப்பிடாததால் நம் வீட்டில் மற்ற இரண்டும்தான், நீ வளர்ந்த ருசி அது. எல்லாம் தோள்பட்டை இறைச்சியாக வாங்கு, கொழுப்பில்லாத துண்டு வரண்டுபோகும். பன்றிக்கால் பாதி கிடைத்தால் அதையும் போடு, சாறு தடிப்பாக வரும். இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, வெங்காயம், லீக்ஸ், உள்ளி, தைம், பே இலை, இரண்டு கராம்போடு அரை லீற்றர் வெள்ளை வைனில் இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வை. நயாகராப் பக்கமே ரீஸ்லிங் விளைகிறதே, அதையே வாங்கு. இனிப்பில்லாததாகப் பார்த்து வாங்கு.

உருளைக்கிழங்கு ஒன்றரைக் கிலோ. வட்டமாகச் சீவிய பிறகு கழுவாதே, அந்த மாப்பசை சாற்றுக்கு வேண்டும். அடியில் கிழங்கு, மேலே இறைச்சி, வெங்காயம், லீக்ஸ், திரும்பக் கிழங்கு என்று அடுக்கி, கடைசி அடுக்கும் கிழங்காக முடி. ஒவ்வொரு கிழங்கு அடுக்குக்கும் உப்பும் மிளகும் தூவு. ஊறிய வைனை மேல் அடுக்குக்குச் சற்றுக் கீழே நிற்கும்வரை ஊற்று.

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கயிறாகத் திரித்து, சட்டி விளிம்பில் வைத்து மூடியை அழுத்து. அப்பாச்சி பிட்டுப் பானையின் வாயைத் துணி சுற்றி அடைப்பாவே, அதே வேலைதான், ஆவி வெளியே போகக்கூடாது. குளிர்ந்த சட்டியைச் சூடான அவணுக்குள் வைக்காதே, வெடிக்கும். அவண் ஆறியிருக்கும்போதே உள்ளே வைத்து 170 பாகைக்கு ஏற்று. மூன்றரை மணித்தியாலம். இடையில் திறந்து பார்க்கக்கூடாது. மாப் பூட்டு பாணின் நிறத்துக்கு வந்து இறுகியிருக்கும், மேசையில் வைத்துக் கத்தி நுனியால் நெம்பு.

உன் கை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் போகும். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சாற்றில் லீக்ஸின் இனிப்பும் வைனின் மெல்லிய புளிப்பும் நாக்கில் தெரிய வேண்டும், காரம் வந்தால் இரண்டும் போய்விடும். பக்கத்தில் கடுகு விட்டுக் கலந்த பச்சைச் சலாது போதும்.

தார்த் ஃப்ளாம்பேயும் செய்யட்டுமா என்று கேட்டாய். இந்த முறை விட்டுவிடு. கோஹெர்ஸ்பெர்க் பக்கத்துக் கிராம வீடுகளில் பாண் சுடுகிற நாளில் போறணையின் சூடு பார்க்கப் போட்ட மெல்லிய மா அது, அந்தச் சூட்டில் ஒன்றிரண்டு நிமிசத்தில் விளிம்பு கருகி வெந்துவிடும். வீட்டு அவணில் அந்த மொறுமொறுப்பு வராது.

சனிக்கிழமை இரவு இறைச்சியை ஊறவை. ஏதும் சந்தேகமென்றால் ஞாயிறு கூப்பிடு, அன்றைக்கு எங்களுக்குக் குசினி பூட்டு.

அன்புடன்,
அப்பா