டார்ச் லைட்டைத் திருப்பித் தரணும், பெரியவரே

எல்லாருக்கும் வணக்கம். மச்சான் நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார். ரசஞ்சோறு சாப்பிட்டார், என் அக்காவைத் திட்டினார், அதனால் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ராத்திரி நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினெட்டு வருஷமாக நேஷனல் பெர்மிட் வண்டி ஓட்டுகிறேன். ஆக்ரா, மதுரா பக்கம் மார்கழி மூடுபனியில், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு லைட்டை விட்டால் கதியில்லை என்று விடிய விடிய ஊர்ந்திருக்கிறேன். அங்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. நாசிக் வெங்காயத்தோடு நீடாமங்கலம் ரயில்வே கேட்டையும் தாண்டியாச்சு, திருவாரூரில் லோடை இறக்கினால் மன்னார்குடி வீடுதான் என்று இருந்தபோது, கொரடாச்சேரிக்கு இந்தப் பக்கம் ஆக்சில் ஒடிந்து வண்டி நடுரோட்டில் நின்றது. அதே நேரத்தில் கூட வந்த மச்சானும் உடம்பு முடியாமல் சாய்ந்துவிட்டார்.

108 வந்துவிட்டது. ஆனால் தை மாசப் பனி, பத்தடிக்கு அப்பால் கறுப்பா வெள்ளையா தெரியாது. பேட்டரி இறங்கி, பார்க்கிங் லைட் மின்மினி மாதிரி ஆகிவிட்டது. முழு லோடோடு நிற்கிற லாரிக்குப் பின்னால் ஒரு பைக் வந்து சொருகினால் என்ன ஆகும் என்று ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளீனர் பையன் பொங்கலுக்குப் போனவன் திரும்பவில்லை. மச்சானோடு போவதா, வண்டியோடு நிற்பதா? வெளியூரில் வண்டி படுத்தால் சுற்றிக் கல் வைப்போம். நம் பக்கம் கல்லுக்கு எங்கே போவது? எங்கே தோண்டினாலும் காவேரி கொண்டுவந்து போட்ட வண்டல்தான்.

சர்க்கார் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவைத்துக் காவல் கிடந்தவர்களில் ஒரு பெரியவர் போர்வையோடு எழுந்து வந்தார். நீலக் குரங்குக் குல்லா, கையில் டார்ச். வண்டியைச் சுற்றி ஒரு நடை பார்த்தார். "ஏறு தம்பி. வண்டி எங்கயும் ஓடிடாது, நான் இருக்கேன்."

ஏறிவிட்டேன். பேர்கூடக் கேட்கவில்லை.

காலை எட்டு மணிக்குத் திரும்பினேன். லாரிக்கு நூறடி பின்னால் ரோட்டில் நாலு நெல் மூட்டை. மேலே ஒரு மூங்கில் கழி, அதில் வெள்ளைத் துண்டு. பக்கத்தில் அவர் இன்னும் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். அது தீய்ந்த திரி மாதிரி சிவந்து கிடந்தது. மூட்டை அவருடையதுதான். இன்னொருத்தரைக் கூப்பிட்டுத் தூக்கிவைத்திருக்கிறார். சாக்கைத் தொட்டேன், உள்ளங்கை ஈரமாகிவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள் என்று நம் ஜில்லாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காயவைத்த சம்பா நெல்லை எனக்காகப் பனியில் வைத்துவிட்டு நின்றிருக்கிறார்.

ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். தப்பு. "லாரிக்காரன் மட்டுந்தான் ரோட்டுல கெடக்கிறான்னு நெனச்சியா? எட்டு நாளா நானும் இங்கதான் கெடக்கேன். மூட்டைய ஒரு கை பிடி" என்றார். பிடித்தேன். அந்த நாலையும் களத்தில் அவிழ்த்துக் கொட்டி, காலாலேயே துழாவிப் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தால் ஹாரனை அமுக்கிக்கொண்டே கண்டபடி திட்டுகிற ஆள் நான். பாதி ரோட்டை அடைத்துவிடுகிறார்களே என்ற எரிச்சல் இப்போதும் போய்விடவில்லை, பொய் சொல்வானேன். ஆனால் இனி என் வண்டி ஹாரன் அங்கே கேட்காது.

108 தம்பிகள், ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளக் கற்றுக்கொடுத்த நர்ஸம்மா, தஞ்சாவூரிலிருந்து ஆக்சிலோடு வந்த மெக்கானிக், வெங்காயத்தை வண்டி மாற்றி ஏற்றிக்கொடுத்த லோடுமேன் அண்ணன்கள், ஜிபேயில் நூறும் இருநூறுமாக அனுப்பிய டிரைவர் பங்காளிகள், எல்லாருக்கும் கும்பிடு. யாரையாவது விட்டிருந்தால் நேரில் திட்டுங்கள்.

மூட்டை தூக்கும்போது பெரியவர் கொடுத்த டார்ச் என் பையிலேயே வந்துவிட்டது. புது பேட்டரி போட்டு கேபினில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன். அதற்குள் நெல்லைப் போட்டுவிட்டுப் போயிருப்பாரோ என்னவோ. காதோரம் கிழிந்த நீலக் குல்லா, எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தவர்கள் அவரிடமே சொல்லிவையுங்கள், டார்ச் பத்திரமாக இருக்கிறது என்று.